அவங்களையே கூட்டிட்டு வாங்க

என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த மேசையிலேயே என் மகன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டான். பத்து வருடத்துக்கு மேல் யாரும் தொடாத வங்கிக் கணக்குகளில் இருக்கும் பணம் வங்கிகளிடமிருந்து அரசாங்கத்தின் நிதி ஒன்றுக்குப் போய்விடுமாம். உரியவர்கள் வந்து கேட்டால் வட்டியோடு திருப்பித் தருவார்களாம். அவன் ஆபீசில் கூட வேலை செய்கிறவருக்கு அவருடைய தாத்தா போட்டு வைத்த பணம் இப்படிக் கிடைத்திருக்கிறது. பெயரைப் போட்டுத் தேட ஒரு வலைத்தளமே இருக்கிறது என்றான்.

"சும்மா பாக்கலாம்மா. அப்பா எங்கயாவது போட்டு மறந்திருப்பாரு."

அவர் மறக்கிற ஆள் இல்லை. பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எந்த ரேக்கில் எத்தனை வாஷர் மிச்சம் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் இருக்காது, விடு" என்றேன்.

அவன் அப்பாவின் பெயரை இரண்டு மூன்று விதமாகத் தட்டினான். ஒரு எழுத்தை மாற்றினான். இனிஷியலை முன்னால் போட்டான், பின்னால் போட்டான். பிறகு திரையை நோக்கிக் குனிந்தான்.

"மா, இங்க ஒண்ணு வருது. அப்பா பேரு கார்டியன்னு இருக்கு. ஒக்கலிபுரம் அட்ரஸ். நம்ம பழைய வீடுதானே அது? ஆனா அக்கவுண்ட் வேற யாரோ பேர்ல இருக்கு."

அந்தப் பெயரை அவன் வாய்விட்டுப் படித்தான். தெரியாத ஒருவருடைய பெயரைப் படிப்பதுபோல எழுத்துக் கூட்டி, கடைசியில் கொஞ்சம் தவறாகவே படித்தான்.

அது என் மகளின் பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இருபத்து மூன்று வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள், இறந்துவிட்டாள் என்று மட்டும் அவனுக்குத் தெரியும். எப்போதாவது உறவுக்காரர்கள் பேச்சுவாக்கில் "பாப்பா" என்று சொல்லக் கேட்டிருக்கிறான். அவள் போனபோது அவனுக்கு ஒன்றரை வயது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவளுக்கு என்ன பெயர் இருந்தது என்று அவன் கேட்டதும் இல்லை, நாங்கள் சொன்னதும் இல்லை.

நான் துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான். முதல் நாள் பள்ளிக்குக்கூடப் போனாள். தெருமுனை டாக்டர் சிரப் கொடுத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் கை கால் எல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. என் கணவர் அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார், நான் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஆட்டோ ரயில்வே பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உள்ளேகூட எடுத்துக்கொள்ளவில்லை. வாசலிலேயே ஒரு டாக்டர் பெண் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றுக்காகத்தான் நான் என் கணவரை மன்னிக்கவில்லை. மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒரு வாரத்துக்குள் அவளுடைய கவுன்கள், ஸ்கூல் பை, சிலேட்டு, சின்ன செருப்பு எல்லாவற்றையும் இரண்டு மூட்டையாகக் கட்டி எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். படங்களையும் எடுத்துவிட்டார். எங்கே வைத்தார் என்று இன்றுவரை தெரியாது. மூன்றாம் மாதம் ஒக்கலிபுரத்து வீட்டையே காலி செய்து ஜோகுபாளையத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். "வேலைக்குப் பக்கம், வாடகையும் கம்மி" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் கோலார் சுரங்கத்தில் இறங்கினவர்கள். சாவைப் பற்றி அதிகம் பேசாத வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனாலும் இப்படியா என்று தோன்றும். எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது புத்தர் படம். திதி, தெவசம் என்று வருடத்துக்கு ஒரு நாள் உட்கார வைக்கிற சடங்கும் கிடையாது. அதனால் அவளைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு நாள்கூட அமையவில்லை.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறு வயதுக் குழந்தைகள் புதிதாக வந்து என் முன்னால் உட்காருவார்கள். அவளும் பிறந்தது ஜூனில். ஓய்வு பெறும்வரை அந்த மாதத்தை எப்படித் தாண்டினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மகன் தானே போய் விசாரிக்கிறேன் என்றான். நான் விடவில்லை. "என் பொண்ணு விஷயம், நானே போறேன்" என்றேன்.

அந்தக் கணக்கு இருந்த வங்கி நடுவில் வேறொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது. கிளையும் இடம் மாறி, ஒரு மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அல்சூரிலிருந்து பஸ் பிடித்து மெஜஸ்டிக் போய், அங்கிருந்து நடந்தேன். டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு ஒரு பெண் அதிகாரியின் முன்னால் உட்கார வைத்தார்கள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, மேசையில் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர்.

"ஹேளி அம்மா" என்றாள், சொல்லுங்கள் என்று.

கன்னடத்தில்தான் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க தமிழா? பரவால்ல, தமிழ்லயே சொல்லுங்க. எனக்குப் பேச வரும்" என்றாள்.

மகன் எழுதிக் கொடுத்த எண்ணையும் பெயரையும் நீட்டினேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"இது மைனர் அக்கவுண்ட் அம்மா. கார்டியன் உங்க ஹஸ்பெண்டா? அவர் இல்லையா... சாரி. இதுல ஹோல்டருக்குப் பதினெட்டு ஆனதும் அவங்க வந்து சைன் போட்டு, பிரூஃப் குடுத்து, தன் பேருக்கு மாத்திக்கணும். யாரும் வரலை. அதனால நின்னு போயிடுச்சு. பத்து வருஷம் ஆனதும் பணம் கவர்ன்மெண்ட் ஃபண்டுக்குப் போயிடுச்சு. பிராப்ளம் ஏனில்லா. அவங்களையே கூட்டிட்டு வாங்க. ஆதார், பான் கார்டு, ரெண்டு போட்டோ போதும். அவங்க இங்க என் முன்னாடி சைன் போட்டாங்கன்னா மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

நான் மகன் எழுதிக் கொடுத்த தாளை மடித்தேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"மேரேஜ் ஆகி வேற ஊர்ல இருக்காங்களா?"

"ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"எந்த ஊரு?"

"மைசூரு."

"ஓ, பக்கம்தான். லீவுக்கு வரும்போது கூட்டிட்டு வாங்க. சனிக்கிழமை மட்டும் பேடா, வேண்டாம், ரஷ் இருக்கும்."

சரி என்று எழுந்து வந்துவிட்டேன். படியில் இறங்கி, மருந்துக் கடை வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்துக் கடைக்காரன் ஸ்டூல் எடுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா, சுகரா?" என்று கேட்டான். ஆமாம் என்று அவனிடமும் பொய் சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மெஜஸ்டிக்கிலிருந்து அல்சூர் வருவதற்குள் அவளுக்கு மைசூரில் ஒரு வீடு பார்த்துவிட்டேன். மாடியில் வாடகை வீடு, துணி காயப்போட இடம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யோசித்தேன். அவள் என்னை மாதிரி டீச்சர் வேண்டாம், தொண்டை போய்விடும் என்று நினைத்தேன். அவள் முகம் மட்டும் அமையவில்லை. ஆறு வயதில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. புதுப் பல் முளைக்கிறதா என்று தினம் காலையில் கண்ணாடியின் முன்னால் நின்று விரலால் தடவிப் பார்ப்பாள். முளைக்கவே இல்லை. அந்த இடத்தில் எந்த மாதிரிப் பல்லை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பதை நெருங்கும் ஒரு பெண் என் எதிரே நின்று வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் இறங்கச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் என் நிறுத்தம் வந்துவிட்டது தெரிந்தது.

மகனிடம், "அதிகாரி லீவு, அப்புறம் வரச் சொன்னாங்க" என்றேன். மூன்று வாரம் அப்படியே விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த மூன்று வாரமும் எனக்கு நன்றாக இருந்தது. வங்கியில் ஒரு பெண் என் மகள் மைசூரிலிருந்து வரப்போகிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்த ஊரில் ஒருத்தராவது அப்படி நம்பட்டுமே என்று இருந்தது.

பிறகு ஒரு நாள் மகன் கேட்டான். "மா, மறுபடி பேங்குக்குப் போகும்போது டெத் சர்டிபிகேட் வேணாமா? கிளைம் பண்ண அதுதானே முதல்ல கேப்பாங்க?"

"நம்மகிட்ட ஏதுடா அது?" என்றேன்.

இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் எதற்கும் நான் எழுந்திருக்கவில்லை. அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்த காகிதங்களை எல்லாம் பிரித்துப் பார்த்தோம். கரண்ட் பில் வருடவாரியாகக் கட்டப்பட்டிருந்தது. என் சம்பளச் சீட்டுகூட இருந்தது. அது மட்டும் இல்லை.

அதனால் மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். இந்த முறை மகனும் கூட வந்தான். ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு குமாஸ்தா, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இறந்தது யார், என்ன உறவு என்று கன்னடத்தில் கேட்டார். "மகளு" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் கிடைக்கவில்லை, பழைய புத்தகத்தில் தேட வேண்டும், நாலு நாள் கழித்து வாருங்கள் என்றார். நாலு நாள் கழித்துப் போனபோது பெரிய பதிவேட்டைத் திறந்து, ஒரு தாளைச் சொருகி அடையாளம் வைத்திருந்த பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

அவள் பெயர் இருந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்ளாததால், இறந்த இடம் என்ற கட்டத்தில் வீட்டு முகவரி. வயது என்ற இடத்தில் ஆறு வருடம், இரண்டு மாதம், பதினொரு நாள் என்று எழுதியிருந்தது.

"ஜாஸ்தி ஜனம் வருஷம் மட்டும்தான் சொல்லுவாங்க" என்றார் குமாஸ்தா, தமிழும் கன்னடமுமாக. "இவர் நாள்கூட எண்ணிச் சொல்லியிருக்கார்."

தகவல் கொடுத்தவர் கையெழுத்து என்ற கட்டத்தில் என் கணவரின் கையெழுத்து இருந்தது. முதலில் அது அவருடையது என்றே தெரியவில்லை. அவர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் கையெழுத்துப் போடுவார், ஸ்டோர் ரசீதில் போட்டுப் போட்டுப் பழகிய வேகமான கையெழுத்து. இதில் தமிழில் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருந்தார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. மகன் தன் விரலை அந்த எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றான். குமாஸ்தா சொல்லும்வரை எடுக்கவில்லை.

சான்றிதழை எடுத்துக்கொண்டு நான் தனியாகத்தான் மறுபடி வங்கிக்குப் போனேன். சொன்ன பொய்யை மகனுக்கு எதிரில் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்த அதிகாரிக்கு என்னை ஞாபகம் இருந்தது. "வாங்கம்மா, பொண்ணு வந்துட்டாங்களா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

நான் சான்றிதழை மேசையில் வைத்தேன். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்மா" என்றேன். "நீங்க கேட்டீங்க. இல்லைன்னு சொல்ல வரலை. மன்னிச்சுக்கோங்க."

அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த டோக்கன்காரர் வந்து நின்றார். "ஐது நிமிஷா சார்" என்று அவரை உட்காரச் சொன்னாள். அந்த எவர்சில்வர் டம்ளரைத் திறந்து என்னிடம் நீட்டினாள். தண்ணீர்தான். குடித்தேன்.

"ஃபார்ம் எல்லாம் நானே பூர்த்தி பண்றேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றாள். அப்பா இறந்துவிட்டதால் மகனும் வாரிசு, அவனுடைய சம்மதக் கடிதம் வேண்டும், முத்திரைத்தாளில் ஒரு உறுதிமொழி வேண்டும் என்று விளக்கினாள். கோரிக்கையோடு வைக்க வேண்டும் என்று கணக்கின் பழைய வரவு விவரத்தை பிரிண்ட் எடுத்தாள். எடுத்தவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, இவங்க தவறினது ஆகஸ்ட்லதானே? அதே வருஷம்தானே?"

"ஆமா."

"அதுக்கப்புறமும் பணம் கட்டியிருக்காரே."

தாளை வாங்கிப் பார்த்தேன். அவள் பிறந்ததிலிருந்து மாதா மாதம் ஐம்பதும் நூறுமாகக் கட்டிய வரிகள் முதலில் இருந்தன. அவள் போன மாதத்தோடு அவை நின்றுவிட்டன. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரே ஒரு வரி. ஜூன் மாதம். அவள் பிறந்த நாள். அது ஞாயிற்றுக்கிழமையாக வந்த வருடங்களில் மட்டும் முந்தின நாள். நடுவில் வட்டி வரவைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படிப் பன்னிரண்டு வரிகள் இருந்தன. நூறு, நூறு, இருநூறு என்று போய் கடைசி வருடம் ஐநூறு. ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

தொழிற்சாலை இருந்தது பழைய மெட்ராஸ் ரோட்டில். அங்கிருந்து ஒக்கலிபுரம் பக்கம் வந்து, வரிசையில் நின்று கட்டிவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் அரை நாள் லீவு போட்டிருக்க வேண்டும். முகவரியையும் அவர் மாற்றவே இல்லை. ஜோகுபாளையத்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆன பிறகும் அந்தக் கணக்கில் அவள் ஒக்கலிபுரத்து வீட்டில்தான் இருந்தாள்.

எனக்கு அவள் பத்தாவது பிறந்த நாள் ஞாபகம் வந்தது. உயிரோடு இருந்தால் பத்து வயது. அன்று காலை அவர் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பின்னால் போய் நின்றேன்.

"இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுமா?"

"வியாழக்கிழமை" என்றார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "மதியத்துக்குச் சோறு வேணாம், கேண்டீன்ல பாத்துக்கிறேன்" என்று கிளம்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது சொன்னேன். "பெத்தவளுக்குத்தான் வயிறு எரியும். உங்களுக்கு இன்னா? ஸ்டோர்ல ஒரு சாமான் கொறைஞ்ச மாதிரி. கணக்குல அடிச்சுட்டு அடுத்த வேலையப் பாத்தாச்சு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் இருந்த பதினெட்டு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வருடத்து வரியும் தாளில் இருந்தது. இருநூறு ரூபாய்.

அன்றைக்கே அவர் சொல்லியிருக்கலாம். சட்டைப்பையிலிருந்து பணம் கட்டிய சீட்டை எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? செத்த குழந்தைக்குப் பணம் கட்டுகிறீர்களே, புத்தி பேதலித்துவிட்டதா என்று கத்தியிருப்பேனோ? கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதிருப்போம்.

"பதினெட்டாவது பர்த்டேக்குக் கட்டினதுதான் லாஸ்ட்" என்றாள் அந்தப் பெண், தாளின் அடியில் விரல் வைத்து. "அதுக்கு மேல கார்டியன் கட்ட முடியாது. அன்னிக்கு கவுண்டர்லயே சொல்லியிருப்பாங்க, அடுத்த தடவை பொண்ணையே கூட்டிட்டு வாங்கன்னு."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவள் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்னிடம் கேட்டது போலவே அவரிடமும் யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் வயதில் பாதி இருக்கிற ஒரு பையனோ பெண்ணோ, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. ஆமாம், கூட்டிவருகிறேன் என்று சொல்லியிருப்பாரா? காலேஜ் போயிருக்கிறாள் என்று சொல்லியிருப்பாரா? அல்லது ஒன்றும் சொல்லாமல் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாரா?

அதற்கடுத்த வருடம் ஜூனில் அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். லீவே போடாத மனுஷன். எனக்குப் பள்ளிக்கூடம் திறந்த சமயம், புதுப் பிள்ளைகள் அழுகிற சமயம். "இன்னிக்குப் பார்த்துத்தான் தலைவலி வருமா" என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மாத்திரையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தேன். "கதவை வெளியில பூட்டிக்கினு போகட்டுமா?" என்று கேட்டேன். பூட்டிக்கொண்டு போ என்றார். பூட்டிக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் நாலரை மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவர் அதே பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். மாத்திரை வைத்த இடத்திலேயே இருந்தது.

அந்த ஒரு நாள் எனக்குத் திரும்பக் கிடைத்தால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

வங்கியில் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டேன். ஒரு கட்டத்தில் இறந்தவருக்கு உறவு என்ன என்று இருந்தது. தாய் என்று எழுத வேண்டும். எழுதினேன். கோரிக்கைக்குக் காரணம் என்ற கட்டத்தை அந்தப் பெண்ணே பூர்த்தி செய்துவிட்டாள். பணம் வந்ததும் அந்தக் கணக்கு முடிந்துவிடும் என்றாள். "வேண்டாம்னா விட்டுடலாம் அம்மா. எத்தனை வருஷம் ஆனாலும் கேக்கலாம், டைம் லிமிட் கிடையாது" என்றும் சொன்னாள். விட்டால் என் மகளை இன்னும் எங்கேயோ காத்திருக்க வைப்பது போல இருந்தது. முடித்துவிடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மகனிடம் கொடுத்தேன். அவன் கம்ப்யூட்டரில் எண்களோடு வேலை செய்கிறவன். எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வரிசையாகத் தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அவனும் அப்பா மாதிரி வளர்ந்துவிட்டானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். "வெளிய வாடா. இங்க வந்து அழு" என்றேன். அவன் வந்தான்.

இரண்டு மாதம் போலக் கழித்து, காய்கறி வண்டிக்காரனிடம் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. பணம் என் கணக்குக்கு வந்துவிட்டது. பெரிய தொகை இல்லை. அதை வைத்து என்ன செய்தாய் என்று ஓரிருவர் கேட்டார்கள். அவள் பெயரில் ஏதாவது செய்யலாமே, அன்னதானம் போடலாமே என்றார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. அது என் பென்ஷனோடு கலந்து போனது. காஸ், பால், பிரஷர் மாத்திரை என்று அதிலிருந்துதான் எடுக்கிறேன். எது அவள் பணம், எது என் பணம் என்று இப்போது பிரிக்க முடியாது. அவள் வளர்ந்து வேலைக்குப் போயிருந்தாலும் வீட்டுச் செலவுக்குத்தானே கொஞ்சம் கொடுத்திருப்பாள் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பற்றிக் கேட்கிறான். பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான். அவனைத் தூக்கத் தெரியாமல் தூக்கி இரண்டு பேரும் விழுந்ததைச் சொன்னேன். முட்டையில் மஞ்சள் கருவை மட்டும் ஒதுக்கி வைத்து அப்பா தட்டில் போடுவதைச் சொன்னேன். பார்த்தால் அவ்வளவு அதிகமாக ஒன்றும் இல்லை. ஆறு வருடம் என்பது சொல்ல ஆரம்பித்தால் இரண்டு மூன்று மதியத்தில் முடிந்துவிடுகிறது.

போன வாரம், "அக்கா எப்படிம்மா பேசுவா? குரல் எப்படி இருக்கும்?" என்றான்.

சொல்ல வாயைத் திறந்தேன். அவள் உதடு அசைவது தெரிந்தது. பல் விழுந்த இடத்தில் நாக்கு வந்து போவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. எவ்வளவோ நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். என் வகுப்பில் படித்த நூறு குழந்தைகளின் குரல்கள் வந்தன, அவளுடையது வரவில்லை. அது எப்போது போனது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குரலைக் கவனித்துக் கேட்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான், மிச்சம் எல்லோரும் மேலோட்டமாகக் கேட்டவர்கள். இன்னொருவருக்கு நிச்சயம் ஞாபகம் இருந்திருக்கும். அவள் வாழ்ந்த நாளைக்கூட எண்ணி வைத்திருந்தவர். இருபத்து இரண்டு வருடம் ஒரே வீட்டில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தார். நான் கேட்கவில்லை.